காலில் சூலம் பெற்ற அடியாள்

திருவெண்மருதூர்க் கோயிலில் இறைவனது அமுதுக்கு நெல் குற்றியவர் வேம்பியார். ஊரார் அவரை 'ஏய் வேம்பி' என்றே அழைத்தனர். நாமாவது மரியாதையாக அழைப்போம். உலகுடை நாச்சியார் என்னும் செல்வச்சீமாட்டி அவரை விலைக்கு வாங்கிக் கோயிலுக்குத் தானம் செய்திருந்தார். கோயில் அடிமை என்பதற்கு அடையாளமாக வேம்பியாரின் காலில் சூலம் சுட்டிருந்தார்கள். தானத்தைக் கல்லில் வெட்டியபோது நாச்சியார் பணிவு மேலிட்டுத் தம்மையே 'அடியாள் உலகுடை நாச்சியார்' என்று பொறிக்கச் செய்தார். தானமாகப் போனவரின் பெயருக்குக் கல்லில் இடமில்லை.

சாமி அரிசியில் எச்சில் தெறிக்கலாகாது என்று வேம்பியார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டே குற்றுவார். உலக்கை விழும் ஒவ்வொரு முறையும் ஐந்தெழுத்தில் ஓர் எழுத்து உள்ளே ஒலிக்கும்.

நாச்சியார் பொன்விளக்கு கொடுத்தார். நூறு பசுக்கள் கொடுத்தார். பிரசாதம் வாங்கிய ஊரோ, "வேம்பி குற்றின அரிசியாச்சே, மணக்காம இருக்குமா!" என்றது. நாச்சியாருக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் தாமே உலக்கை பிடித்தார். மூன்றாம் குத்தில் பல்லக்கு வரவழைத்தார். எரிச்சல் மட்டும் தணியவில்லை. வேம்பியாரை எங்கே அடித்தால் வலிக்கும் என்று யோசித்தார். வேம்பியாருக்குப் பூதி என்று ஒரே மகள்.

"தாய்க்குச் சுட்டது மகளுக்கு வேண்டாமோ? திருவாதிரையன்று சுட்டுவிடும்" என்றார் அதிகாரியிடம்.

வேம்பியார் வாய்க்கட்டோடு அழுதார். உலக்கை நிற்கவில்லை.

ஆதிரைக் காலையில் முற்றத்தில் சூலக்கோல் நெருப்பில் சிவந்துகொண்டிருந்தது. கருவறைக் கதவோ திறக்கவில்லை. உள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது: "என் அடியாள் வரட்டும். கதவு திறக்கும்."

"வந்துவிட்டேன் சுவாமி! கல்லிலேயே வெட்டியிருக்கிறதே!" என்று நாச்சியார் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். அது அசையவில்லை.

கிழ அர்ச்சகர் இருமினார். "அம்மணி, அடியாள்னா காலில் சூலம் இருக்கணும். நெருப்பு தயாராத்தான் இருக்கு. தாங்கள் காலை நீட்டினால்..."

நாச்சியாரின் கால் பட்டுச்சேலைக்குள் ஓடி ஒளிந்தது. சிரிப்பை மறைக்க ஊரே இருமிற்று.

தலையெல்லாம் உமியாக வேம்பியார் வந்தார். சூலம் சுட்ட கால் படியில் பட்டதும் கதவு திறந்தது.

"என்ன வேண்டும்?" என்றது குரல்.

முத்தி கேட்பார் என்று புலவர்கள் ஓலையும் எழுத்தாணியுமாக நின்றனர். வேம்பியார் வாய்க்கட்டை அவிழ்த்தார்.

"சாமி, சூடு என் காலோட போகட்டும். என் புள்ள கால விட்டுடுங்க. அவ யாருக்கும் அடிமை இல்லேன்னு சொல்லுங்க."

"அவ்வாறே" என்றது குரல். முற்றத்துச் சூலக்கோல் மெழுகாய் உருகி வழிந்தது. அதிகாரி, பூதிக்கென்று எழுதி வைத்திருந்த அடிமை ஓலையைக் கிழித்து அதே நெருப்பில் இட்டார்.

"விளக்குக் கொடுத்தது நானல்லவா?" என்று நாச்சியார் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

பூதி தழும்பில்லாத காலோடு கோயில் வாசலைத் தாண்டி நடந்தாள். அந்தக் காலுக்காக வாய் திறந்த வேம்பியாரின் உமி படிந்த பாதங்களை நாமும் தொழுவோம்.