நிறுத்தம் சொல்லாத ஆட்டம்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தெட்டு. சீடர் குருவை "குருவே" என்பார், குரு சீடரை "சார்" என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

குருவின் பெயர் ஜெபராணி. தென்காசிக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் கூரை ஓடு சுட்டு இப்போது மூடிக்கிடக்கும் கம்பெனிக்குள் வேட விளையாட்டு நடத்துகிறவர். அதில் மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது, மனப்பாட வசனமும் கிடையாது. நாற்பது பேர் காலையில் வந்து வேடம் கட்டினால் சாயங்காலம் வரை அந்த ஆளாகவே இருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிதம் இருக்கும்: நீ யார், உனக்கு என்ன வேண்டும், யாருக்குப் பயப்படுகிறாய். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சட்டம் ஒன்றே ஒன்று. யாராவது "நிறுத்தம்" என்றால் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கலாம். நிறுத்தியவரே "தொடரலாம்" என்றால்தான் ஆட்டம் மறுபடி நகரும்.

சீடர் பூலோகநாதன் முப்பது வருடம் நாடகக் குழு நடத்தியவர். தை மாதம் நூறு பேரை வைத்து நடக்கும் இரண்டு நாள் பெரிய ஆட்டத்தைத் தன் கையால் நடத்திவிட வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூடக் கவனிக்காமல் சாப்பிடுகிற அளவுக்கு அதே நினைப்பு.

சின்ன ஆட்டம் ஒன்றை நடத்திவிட்டு வந்து நின்றார்.

"எத்தன பேரு நிறுத்தம் சொன்னாங்க சார்?"

"ஒருத்தர்கூட இல்ல குருவே." சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்ப இன்னொண்ணு நடத்துங்க."

நடத்தினார். மறுபடி அதே கேள்வி, அதே பதில், "இன்னொண்ணு நடத்துங்க."

பூலோகநாதனுக்கு மனசு விட்டுப்போயிற்று. "என் நாடகத்துல ஒரு தடவகூட நடுவுல திரை விழுந்ததில்ல. இங்கயும் அப்படித்தான் நடத்துறேன். என்ன குறைன்னு வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

"அடுத்த ஆட்டத்துக்கு நான் வாரேன்" என்றார் ஜெபராணி.

அடுத்தது ஒரு கோட்டை முற்றுகை. நாற்பது பேரும் முற்றத்தில் கூடினார்கள். பூலோகநாதன் சட்டத்தை வாசிக்கக் காகிதத்தை எடுத்தார். ஜெபராணி முந்திக்கொண்டார். படைத்தலைவன் வேடம் கட்டியிருந்த பஸ் டிரைவர் மைதீனைக் கூப்பிட்டு, "என்கிட்ட சண்டைக்கு வாங்க" என்றார். மைதீன் கத்தினார், அவரும் கத்தினார். சண்டை சூடு பிடித்த நேரத்தில், "நிறுத்தம்!"

எல்லோரும் நின்றார்கள்.

"என்ன வேணும்மா?" மைதீன் கேட்டார்.

"தாகமா இருக்கு."

நிதானமாகத் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்தார். "தொடரலாம்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இப்ப ஒவ்வொருத்தரா சொல்லுங்க. காரணமே வேண்டாம்" என்றார்.

நாற்பது பேர், நாற்பது நிறுத்தம். ஒருவர் தும்மினார், ஒருவர் வேட்டியை இறுக்கிக் கட்டினார், ஒருவர் சும்மா வானத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஓடிப்போயிற்று. பூலோகநாதன் கடிகாரத்தைப் பார்த்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

கடைசி ஆள் இசக்கியம்மாள், தபால் நிலையத்தில் வேலை. முந்தின இரண்டு ஆட்டத்திலும் பணிப்பெண்ணாகச் சுவரோரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனவர். "நிறுத்தம்" என்று முனகினார். அத்தனை பேரும் நின்றார்கள். அவர் அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம் பூலோகநாதனிடம் வந்தார்.

"கோட்டைத் தலைவி வேஷத்துக்கு ஆளு வரலைன்னாங்களே. நான் எடுத்துக்கிடட்டா?"

வேறு வழியில்லாமல் கொடுத்தார்.

மூன்றரை மணிக்குக் கோட்டைக்குள் படை நுழைந்தது. நான்கு மணிக்குள் கோட்டை விழுந்துவிடும் என்பது பூலோகநாதனின் திட்டம். மைதீன் தலைவியைச் சூளைக்குள் மடக்கி, தகரக் கதவைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்து, "சாவி எங்க?" என்று கர்ஜித்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பூலோகநாதனுக்குப் புல்லரித்தது.

"நிறுத்தம்!"

இசக்கியம்மாள்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று பூலோகநாதன் தலையில் கை வைத்தார்.

மைதீன் கையை இறக்கினார். "என்ன வேணும் தங்கச்சி?"

"கதவ மட்டும் அடிக்காதீங்கண்ணே. மத்தபடி நல்லா மிரட்டுங்க." இரண்டு முறை மூச்சு இழுத்து விட்டார். முந்தானையை இழுத்துச் செருகினார். "தொடரலாம்."

மைதீன் இந்தத் தடவை மெல்லிய குரலில் கேட்டார். அதுதான் பயங்கரமாக இருந்தது. இசக்கியம்மாள் பயப்படவில்லை. விறுவிறுவென்று சூளைப் படியில் ஏறி, எதிரிப் படையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "உங்க ஊர்ல அறுப்பு நேரம். யாருக்காகய்யா இங்க வந்து சாவுறீங்க?" அந்தக் குரல் அவரிடம் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவன் மர வாளைக் கீழே போட்டான். இன்னொருவன் போட்டான். பாதிப் படை தலைவி பக்கம் போயிற்று. கடைசியில் படைத்தலைவனே மண்டியிட்டார், கண் கலங்க.

கோட்டை விழவில்லை. முற்றமே அதிர்ந்தது. அழுகிறவர்களும் சிரிக்கிறவர்களுமாக இசக்கியம்மாளைத் தோளில் தூக்கிக்கொண்டு வளாகத்தைச் சுற்றினார்கள்.

ஜெபராணி கை தட்டி ஓய்ந்து பூலோகநாதனிடம் வந்தார். "தை ஆட்டம் உங்களுது சார்."

அவர் சந்தோஷத்தில் கை கூப்பினார். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"குருவே, எல்லாம் பிரமாதம். ஆனா அந்த உச்சத்துல நின்னுபோச்சே. முந்தின ரெண்டு ஆட்டத்துலயும் அந்தம்மா ஒரு தடவகூட நிறுத்தினதில்லையே."

"அந்த ரெண்டு தடவையும் அவங்க ஆட்டத்துக்கு வரவே இல்ல சார். வந்தாங்கன்னு நாமதான் நெனச்சுக்கிட்டோம்."