தோத்தவன் பேர்ல ஒரு பரணி

மீசையை ஊருக்கும் முதுகை எதிரிக்கும் காட்டின ராஜாங்க இருந்த காலத்துல, தும்பைநாட்டை உதியராயன்னு ஒருத்தர் ஆண்டாரு. பக்கத்துச் செம்பாறை நாட்டு மேல படையெடுத்தாரு. போனது யானை மேல, வந்தது கழுதை மேல. கூடப் போனவங்கள்ல பாதிப்பேரு செம்பாறைச் சிறையில.

வந்த சூட்டோட தண்டோரா போட்டாரு: "மகாராஜா ஜெயிச்சுட்டாரு!"

அங்கதான் வம்பு. ஜெயிச்ச படையில கைதி ஏது? சிறையில நம்ம ஆளே இல்லைன்னு ஆயிடுச்சு. இல்லாத ஆளை யாரு போய் மீட்பா?

அந்த இல்லாத ஆளுங்கள்ல ஒருத்தன் மருதன். அவன் தம்பி ஏகம்பன் அரண்மனைப் புலவன். உட்கார்றது கடைசி வரிசை, வாயி மட்டும் முதல் வரிசை. தலைமைப் புலவன் காரி. ஒத்தைப் பாட்டு எழுதினதில்லை, ஆனா அக்கா பட்டத்துராணி. ஏகம்பன் பேச்சுக்குச் சபை சிரிக்கறப்பல்லாம் காரிக்கு வயிறு எரியும்.

ஒருநாள் காரி ஆரம்பிச்சான். "அத்தான், இவ்வளவு பெரிய வெற்றிக்கு ஒரு பரணி வேண்டாமா?"

பரணின்னா போர்ல ஆயிரம் யானையை வீழ்த்தி ஜெயிச்ச வீரனைப் பத்திப் பாடறது. நம்ம ராஜா வீழ்த்தினது திரும்பி வர்ற வழியில கடிச்ச கொசுவைத்தான். இருந்தாலும் முகம் மலர்ந்துச்சு.

"யாரு பாடறது?"

"ஏகம்பன். நாளைக்கே சபையில பாடட்டும். மாட்டேன்னா, உங்க வெற்றியை அவன் நம்பலைன்னு அர்த்தம்."

மலர்ந்த முகம் கறுத்துச்சு. "மாட்டேன்னா யானைக் காலுதான்."

ஏகம்பன் வீட்டுக்கு வந்து சொன்னான். அண்ணி கையில இருந்த முறத்தைக் கீழ வச்சா. அப்புறம் சொன்னா, "நீ பாடிட்டா வெற்றி உறுதியாயிடும், உங்கண்ணனை யாரும் தேடப் போறதில்லை. பாடலைன்னா நீ போயிடுவே. நான் எதைன்னு சொல்லட்டும் தம்பி?"

மறுநாள் சபை. வாசல்ல யானை சங்கிலியை இழுக்கற சத்தம் உள்ள வரைக்கும் கேக்குது. ஏகம்பன் கடைசி வரிசையில இருந்து எழுந்து முன்னால வந்தான்.

"மகாராஜா, பாட்டு நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு. பேருதான் வைக்கணும். என்ன பேரு வைக்க?"

காரி துள்ளி எழுந்தான். "இது ஒரு கேள்வியாடா? மகாராஜா பேருதான். உதியராயன் பரணி!"

"ஆகா!"ன்னாரு ராஜா.

புலவருங்க வரிசையில ஒருத்தருக்கு இருமல் வந்துச்சு. இன்னொருத்தரு துண்டை எடுத்து வாயில வச்சாரு.

"ஏன்யா சிரிக்கறீங்க?" ராஜா கை வாள்மேல போச்சு.

ஏகம்பன் கும்பிட்டான். "பரணிக்கு ஜெயிச்சவன் பேரை வைக்கறதில்லை மகாராஜா. தோத்தவன் பேரைத்தான் வைப்பாங்க. அதான் வழக்கம்."

"நிஜமா?" ராஜா கத்தினாரு. புலவருங்க தலை மெதுவா ஆடுச்சு.

"நான் ஒரு பச்சைப்புள்ளை, மகாராஜா ஜெயிச்சீங்கன்னே நம்பிட்டிருந்தேன்"னான் ஏகம்பன். "தோத்தவர் பட்டியல்ல உங்களைச் சேர்த்தது தலைமைப் புலவர். என்ன நடந்துச்சுன்னு அவரைத்தான் கேக்கணும்."

காரி முகத்துல ரத்தமே இல்லை. "அத்தான், நான் அந்த அர்த்தத்துல..."

"வாயை மூடு! டேய் ஏகம்பா, செம்பாறைப் பரணின்னு வை."

"வைக்கலாம். ஆனா நாளைக்கு ஊரூரா பாடறவன் செம்பாறை, செம்பாறைன்னுதான் பாடுவான். சண்டை போட்டது நீங்க, பேரு எதிரிக்கு. பரவாயில்லையா?"

ராஜா உதட்டைக் கடிச்சாரு. வாள்மேல இருந்த கை மட்டும் நகரலை.

"என் பேரு தாங்கற பாட்டே கிடையாதா?"

"உலா இருக்கே மகாராஜா! நீங்க வீதியில பவனி வருவீங்க. பொண்ணுங்கள்லாம் வாசலுக்கு ஓடிவந்து உங்களைப் பார்த்து மயங்குவாங்க. உதியராயன் உலா. என்ன, ஒரு சின்னச் சிக்கல். இப்போ பவனி போனா ஒரு கதவு திறக்காது. வீட்டு ஆம்பளைங்க செம்பாறையில இருக்காங்க."

"கைதிங்கன்னு சொல்றியா?" ராஜா குரல் தாழ்ந்துச்சு.

ஏகம்பன் காதைப் பொத்திக்கிட்டான். "ஐயையோ, கைதின்னு யாரு சொன்னா? விருந்துக்குப் போனாங்க. போய் ரொம்ப நாளாச்சு. நல்ல பரிசோட பெரிய மனுஷர் ஒருத்தர் போய்க் கூப்பிட்டா, செம்பாறையார் மரியாதையா அனுப்பி வைப்பாரு."

ராஜா அவனையே உத்துப் பார்த்தாரு. அவர் சிரிச்சப்பதான் ஏகம்பனுக்குக் காலு தரையில இருக்கறதே தெரிஞ்சது.

"காரி! பரிசுத் தட்டை நீயே தலையில சுமந்துட்டுப் போ. ஒருத்தன் குறைஞ்சாலும் திரும்பி வராதே. தலைமைப் புலவர் ஆசனம் இனி ஏகம்பனுக்கு."

எல்லாரும் வந்து சேர்ந்தாங்க. ராஜா யானை மேல பவனி வந்தாரு, மீண்டு வந்தவங்க பின்னால நடந்தாங்க. தெருவுல ஒரு கதவு பாக்கியில்லாம திறந்துச்சு. பொண்ணுங்க ஓடிவந்தாங்க, அழுதாங்க, சிரிச்சாங்க. அண்ணி யானையைச் சுத்திக்கிட்டு மருதன்கிட்ட ஓடினா.

ராஜா குனிஞ்சு கேட்டாரு. "ஏகம்பா, யாருமே என்னைப் பார்க்கலையேடா?"

"பாட்டுல பார்ப்பாங்க மகாராஜா"ன்னான் ஏகம்பன்.