எதிரியைக் காட்டும் கண்ணாடி

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், ஓர் ஆற்றுக்கு இரண்டு கரை, இரண்டு கரைக்கு இரண்டு ராஜா என்று இருந்த காலம். இக்கரை அலையூரை மகுடவர்மன் ஆண்டான். அக்கரை மலையூரைக் கனகசேனன் ஆண்டான். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே கிடையாது. பார்க்காமலே பயப்பட ராஜாக்களுக்குச் சொல்லியா தரவேண்டும்!

ஒருநாள் கருநாக்கன் என்ற மந்திரவாதி அலையூர் அரண்மனைக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தான். எதிரி என்ன செய்கிறான் என்று அது காட்டுமாம். மகுடவர்மன் பார்த்தான். மலையூர்க் கொடியோடு நூறு வீரர்கள்!

"பார்த்தாயா மன்னா, வருகிறான், வருகிறான்!" என்றான் கருநாக்கன்.

ராஜா தன் நூறு வீரர்களை ஆயிரமாக்கினான். கண்ணாடியிலும் ஆயிரம் பேர். "வருகிறான், வருகிறான்!" பத்தாயிரமாக்கினான். கண்ணாடியிலும் பத்தாயிரம். "வருகிறான், வருகிறான்!" கடைசியில் ஏர் ஓட்டுகிறவர்களையும் பிடித்துவரச் சொல்லிவிட்டான்.

பிடிபட்டவர்களில் சடையனும் ஒருவன், தையற்காரி தங்கநாச்சியின் புருஷன். கல்யாணமாகி நாலு மாதம்தான். மறுநாள் படை புறப்படும் என்று முரசு அறைந்தார்கள். தங்கநாச்சி ஊசியை அப்படியே போட்டாள். அரண்மனைக்கு ஓடினாள்.

"ராசா, எம் புருஷனுக்கு வேல் பிடிக்கத் தெரியாது. விட்டுடுங்க சாமி!"

"எதிரி வருவதை நீயே பார் பெண்ணே. எப்படி விடுவது?"

தங்கநாச்சி கண்ணாடியைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில், தோளில் பச்சை ஒட்டுப் போட்ட சட்டை. தன் புடவையில் கிழித்து அவளே தைத்த ஒட்டு.

"ஐயோ ராசா, எதிரின்னு காட்டுறீங்களே, அது எங்க வீட்டுக்காரரு!"

"பைத்தியக்காரி!" என்று சீறினான் கருநாக்கன்.

"என் தையல் எனக்குத் தெரியாதா? அவரைக் கையைத் தூக்கச் சொல்லுங்க."

முற்றத்தில் சடையன் கையைத் தூக்கினான். கண்ணாடியில் மலையூர் வீரனும் தூக்கினான். சொந்தப் படையையே, கொடியை மட்டும் மாற்றிக் காட்டியிருக்கிறது கண்ணாடி!

மகுடவர்மனின் முகம் வெளுத்தது. "என் தாத்தாவும் ஒரு கண்ணாடியைப் பார்த்துத்தான் போருக்குப் போனார். என் அப்பாவும் அப்படியே. ஒருவராவது ஆற்றைத் தாண்டிப் போய்ப் பார்க்கவில்லையே!"

கருநாக்கன் கடகடவென்று சிரித்தான். "இதன் ஜோடி கனகசேனனிடம் இருக்கிறது. நீ படையைக் கலைத்தால் அவன் வருவான். அவன் கலைத்தால் நீ போவாய். யார் முதலில் கலைப்பது?"

தங்கநாச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரும் முதல்ல கலைக்க வேண்டாம். நீங்க கண்ணாடியைத் தூக்கிட்டு நடு ஆத்துக்கு வாங்க. நான் போய் அந்த ராசாவையும் கூட்டிட்டு வர்றேன்."

படகில் அவள் அக்கரை சேர்ந்தபோது ஆயிரம் வில் அவளைக் குறிபார்த்தன. ஆனாலும் நடந்தாள். கனகசேனனின் குதிரைக்காரன் ஒருவனைக் கையைத் தூக்கச் சொன்னாள். அவன் கண்ணாடியில் அலையூர் வீரன் ஒருவனும் கையைத் தூக்கினான். அவ்வளவுதான், அந்த ராஜாவும் கண்ணாடியைப் படகில் ஏற்றினான்.

நடு ஆற்றில் கண்ணாடிகள் எதிரெதிரே நின்றன. எதிரே காட்டுவதற்குப் படை இல்லை, இன்னொரு கண்ணாடிதான். ஒன்றையொன்று வெறித்துப் பார்த்தன, படீரென்று உடைந்தன. கரையில் கருநாக்கன் புகையாகிப் போனான்.

ராஜாக்கள் முதன்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இவ்வளவு பயந்தாங்கொள்ளியா நீ?"

"நீ மட்டும் என்னவாம்!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். இனி வாளை எடுக்குமுன் ஆற்றைக் கடந்து, அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அங்கேயே சட்டம் போட்டார்கள்.

முந்தைய இரண்டு போர்களில் போனவர்கள் திரும்பி வரவில்லை. அதற்கு மந்திரம் கிடையாது. ஆனால் மூன்றாவது போரில் சாக இருந்த அத்தனை பேரும் அன்று சாயங்காலமே வீடு போய்ச் சேர்ந்தார்கள். சடையன் ஓட்டமாக ஓடினான். தங்கநாச்சி அவனையும் முந்திக்கொண்டு ஓடினாள்.