தாளில் படுத்த மலைவெங்காயம்

"வெங்காயத்தை நம்பித் தாளை மூடாதே" என்றோ, "தாளை நம்பி வெங்காயத்தைத் தின்னாதே" என்றோ மலையடிவாரத்துப் பெரியவர் ஒருவர் சொல்வதுண்டு. எது சரியோ, அதற்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான்.

அந்தக் காலத்தில், செடிகொடிகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மாடக்கண்ணு என்பவன் மலையிலிருந்து செடிகளைக் கொண்டுவந்து, தாள்களுக்கிடையே வைத்து அழுத்திக் காயவைப்பான். காய்ந்ததை அவன் அக்கா உலகம்மா தாளோடு தைப்பாள். மலையில் கீரை, கிழங்கு எடுத்தவர்கள் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுப்பில் ஏற்றுவார்கள்.

மலைவெங்காயம் மட்டும் தாளுக்கு வராமல் இருந்தது. அதன் பக்கத்திலேயே, அதே சாயலில் ஒரு நச்சுக்கிழங்கும் வளர்ந்ததால், இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டி மாடக்கண்ணு வெங்காயத்திடம் போய்க் கெஞ்சினான்.

"வர்றேன். ஆனா என் மேல கத்தி படக்கூடாது" என்றது வெங்காயம்.

"படாது. சத்தியம்."

முழுசாகவே வைத்து மேலே கல்லை ஏற்றினான். மழைக்காலம் முழுக்கத் தாள்கட்டைப் பிரிக்கவில்லை. மற்ற செடிகள் காய்ந்து பேச்சை நிறுத்தின. வெங்காயமோ இருட்டில் தன் சதையையே தின்று வளர்ந்தது. பழைய இலை அழுகிப்போய், வெளுத்த புது இலை கோணலாக நீண்டது.

கட்டைப் பிரித்த அன்றே பக்கத்து வீட்டு வேலாச்சி ஒரு கிழங்கோடு வந்தாள். அவளுக்குத் தடுமன் வேறு, மணம் தெரியவில்லை. வெளுத்துக் கோணிய அந்த இலையால், தாளில் இருந்ததும் கையில் இருந்த நச்சுக்கிழங்கும் ஒன்றென்றே பட்டது. குழம்பு வைத்தாள். வீடே வாந்தியெடுத்துக் கிடந்தது. அவள் புருஷன் பிழைத்ததே பெரிய பாடு.

"உன்னை நம்பித்தானே அந்தப் பொம்பள குழம்பு வச்சா!" என்று மாடக்கண்ணு வெங்காயத்தின் மேல் பாய்ந்தான்.

"கல்லைத் தூக்கி வச்சா செத்துருவேன்னு நெனச்சியாக்கும்? உசிரு இருந்தா முளைக்கத்தான் செய்வேன். என்னை மண்ணுல கொண்டு விட்ரு."

"விட்ரு தம்பி, சத்தியம் பண்ணியிருக்க" என்றாள் உலகம்மா.

"விட்டா, அடுத்து ஒருத்தி கிழங்கோட வந்து நிப்பா. அவளுக்கு எதைக்கா காட்ட?"

"அப்போ சத்தியத்தை ஊறுகாய் போடப் போறியா?"

அவன் முளைத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு மலையேறினான்.

இன்றைக்கும் உலர்தாவரக் கூடங்களில் மலைவெங்காயம் பாதியாகப் பிளந்து, கொதிநீர் கண்ட பிறகே தாளில் படுக்கிறதென்றால், அது அன்று தொடங்கியதுதான். மாடக்கண்ணு முளைத்த வெங்காயத்தை மண்ணில் நட்டான். பக்கத்தில் இருந்த இன்னொரு வெங்காயத்தை, அதனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பிடுங்கிக்கொண்டு இறங்கினான்.