ஒரு நாள் பின்தங்கிய சர்வர்

போடியில் ஒரு ஏலக்காய் கம்பெனி. சின்ன ஆபீஸ்தான், ஆனாலும் உள்ளறையில் மூன்று சர்வர் உண்டு. டொமைன் கண்ட்ரோலர் என்பது அதில் பெரிய தலை. யார் நம்ம ஆள், யாரை எதற்குள் விடலாம் என்பதெல்லாம் அது வைத்ததுதான் சட்டம். மற்ற இரண்டும் மெம்பர் சர்வர்கள். ஒன்றில் பில், ஒன்றில் ஃபைல். பெரிய தலை சரி என்று சொன்னால்தான் அவை யாரையும் உள்ளே விடும்.

இவற்றைக் கட்டி மேய்ப்பவர் பவுன்ராஜ். தலை நரைத்த பிறகு, தன்னைவிட வயதில் சின்னவரான மெஹர்பானுவிடம் இந்த வேலையைக் கற்றவர். இவர் அவரை டீச்சர் என்பார். அவர் இவரை அண்ணே என்பார்.

அன்று காலை பில் சர்வர் யாரையும் உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டாலும் ஊஹூம். வாசலில் லாரி நிற்கிறது, பில் இல்லாமல் மூட்டை ஏறாது. முதலாளிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"எவன்யா அதுல கை வச்சது?"

எவன் என்று பவுன்ராஜுக்குத் தெரியும். முந்தின நாள் அக்கா பேத்தியின் காதுகுத்துக்கு ஓடுகிற அவசரத்தில், தான் அடிக்க வேண்டிய ஒரு பில்லை விட்டுவிட்டார். காலையில் யாரும் வருமுன் வந்து, சர்வரின் தேதியை ஒரு நாள் பின்னால் தள்ளி, நேற்றைய பில்லாகவே அடித்துக்கொண்டார். தள்ளத் தள்ள அந்தச் சர்வர் கண்ட்ரோலரிடம் நேரம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டது. சனியனே என்று அந்தக் கேட்கிற வேலையையே நிறுத்தி வைத்தார். திரும்ப ஓட விட மறந்துபோனார். இதனால்தான் கோளாறு என்று அவருக்குப் புரியவில்லை. கை வைத்தது யார் என்பது மட்டும் நெஞ்சில் குறுகுறுத்தது.

"நேத்து சாயங்காலம் அமலிதான் கடைசியா உக்காந்திருந்துச்சு முதலாளி," என்றார்.

சொன்னது பொய்யில்லை. அதுதான் கேவலம்.

அமலி பில் போடுகிற பெண், வேலைக்குப் புதுசு. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் போகிற வரை பவுன்ராஜ் ஏதோ வயரைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

தேனியிலிருந்து டீச்சர் வந்தார். அமலியை அனுப்பிவிட்டதை முதலாளி வாசலிலேயே அவரிடம் சொல்லிவிட்டார். பில் சர்வர் முன்னால் உட்கார்ந்து திரையின் மூலையைப் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

"இன்னைக்கு என்ன கிழமைண்ணே?"

"வியாழன்."

"இது புதன்ங்குது."

பவுன்ராஜுக்கு முகமெல்லாம் சூடேறியது. எதையாவது கேட்டுச் சமாளிக்கப் பார்த்தார்.

"ஒரே ரூமு, பக்கத்துப் பக்கத்துல இருக்கு. கண்ட்ரோலருக்கு இதை அடையாளம் தெரியாதா டீச்சர்?"

"நல்லாத் தெரியும். ஆனா நேரம் ஒத்து வரலைன்னா நம்பாது. அஞ்சு நிமிஷம் வரைக்கும் பொறுக்கும். இது ஒரு நாள்ண்ணே."

"ராத்திரி கரண்டு போய்ப் போய் வந்துச்சு. அதுல மாறியிருக்கும்."

"கரண்டு தேதியை மாத்தும். நேரம் கேக்குறதை நிறுத்தி வைக்குமா?"

பவுன்ராஜ் மேஜைத் தூசியை விரலால் வழித்தார். டீச்சர் அவசரப்படுத்தவில்லை.

"நான்தான்," என்றார் கடைசியில். இந்த வயதில், அதுவும் சொல்லிக்கொடுத்தவர் முன்னால். வெட்கம் பிடுங்கித் தின்றது.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். "உக்காருங்க. நீங்களே சரி பண்ணுங்க."

பவுன்ராஜ் அவசரமாகத் தேதியை மாற்றப் போனார்.

"தேதியைத் தொடாதீங்க. அதைக் கேக்க விடுங்க, போதும்."

நிறுத்தியதைத் திரும்ப ஓட விட்டார். கொஞ்ச நேரத்தில் புதன் வியாழன் ஆனது. "வந்துருச்சு, வந்துருச்சு," என்று வெளியே குரல் கேட்டது. பில் அடிக்கிற சத்தமும் கேட்டது.

"அவ்வளவுதானா டீச்சர்? இது பொய்த் தேதி சொன்னதைக் கண்ட்ரோலர் மனசுல வச்சுக்காதா?"

"வச்சுக்காது. இப்ப மணி என்னன்னு மட்டும்தான் பார்க்கும்."

பவுன்ராஜ் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப கரண்டுன்னே முதலாளிகிட்டச் சொல்லிடுறேன். நமக்குள்ள இருக்கட்டும்."

டீச்சர் பையை மூடிக்கொண்டிருந்தார். பவுன்ராஜ் அவர் எதிரில் வந்து நின்றார்.

"உள்ளதைச் சொன்னா முதலாளி என்னைய வேலைக்கு வச்சுக்குவாரா டீச்சர்?"

"அவரு மிஷின் இல்லையேண்ணே. எனக்குத் தெரியாது."

டீச்சர் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார்.

"அமலி எதிர் ஸ்டாப்புலதான் நிக்குது. அது ஏற வேண்டிய தேவாரம் பஸ் வர்ற நேரம்."