ஒரு சொம்பில் நனைந்த பாங்காக்

காளியம்மன் கோயில் கொடைத் திருவிழா பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில், மஞ்சள் நீராட்டுக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு வந்ததுமே சிமெண்ட் கடைத் திரவியம் தொண்டையைச் செருமினார். சாமியாடி மேல் முதல் குடம் ஊற்றும் கௌரவம் அது. ஆறு வருஷமாக அதன் மேல் அவருக்கு ஒரு கண். இந்த வருஷம் சொல்லிக்கொள்ள விஷயமும் இருந்தது. கம்பெனிக்காரர்கள் டீலர்களை பாங்காக் கூட்டிப்போய், அங்கே நடக்கும் தண்ணீர்த் திருவிழாவைக் காட்டியிருந்தார்கள்.

"அங்க மஞ்சள் கிடையாது. பச்சத்தண்ணிதான், மூஞ்சில வெள்ளை மாவு. தெருவுக்கு ஆயிரம் பேரு தண்ணித் துப்பாக்கியோட நிக்கான். நான் வீட்டுச் சொம்போட நின்னேன். ஒரே வீச்சு. ஆயிரம் பேரும் தொப்பல்."

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் அய்யாக்கண்ணு, அந்தச் சொம்பு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டார். அளவில் என்ன இருக்கிறது, எல்லாம் மணிக்கட்டில் இருக்கிறது என்றார் திரவியம். சும்மா சொல்லக்கூடாது, புளுகினாலும் மனுஷன் அனுபவித்துப் புளுகினார்.

அடுத்த வீச்சில் ஆறு பெருகி, இவர் தங்கியிருந்த ஹோட்டலின் நாலாவது மாடிக்கே படகு வந்துவிட்டதாம். இவர் ஜன்னல் வழியாக ஏறிப்போய், படுத்திருக்கும் தங்கப் புத்தரைப் பார்த்துவிட்டு வந்தாராம். படகுக்கு டிக்கெட் எடுத்தீரா என்று யாரோ கேட்டது அவர் காதில் விழவில்லை.

"அப்புறம் ஒரு யானை வந்துச்சு, தும்பிக்கை நிறையத் தண்ணியோட. அது அடிக்குமுன்ன நான் அடிச்சிட்டேன். கருப்பெல்லாம் கழண்டு ஓடி, வெள்ளை யானையா நிக்கு. அந்த ஊர்ல வெள்ளை யானைன்னா சாமி மாதிரி. அத்தனை பேரும் யானையக் கும்பிட்டான். யானை என்னையக் கும்பிட்டுச்சு."

கூட்டம் சிரித்தது. ஊர்த் தலைவர் கொண்டல்சாமி மட்டும் சிரிக்கவில்லை. அது திரவியத்துக்குத் தெம்பாக இருந்தது. இத்தனை வீச்சுக்கும் சொம்பை எத்தனை தடவை நிரப்பினீர் என்று தலைவர் விசாரித்தார். ஒரே தடவைதான், பாதித் தண்ணீர் மிச்சம், பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒரே போடாகப் போட்டார் திரவியம்.

அப்படியானால் பொறுப்பு உமக்குத்தான் என்றார் கொண்டல்சாமி. ஆறு வருஷத்து ஆசை. திரவியத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தலைவர் அய்யாக்கண்ணு பக்கம் திரும்பினார்.

"குழாயில பத்து நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வருது. மஞ்ச நீராட்டுக்குச் சொல்லிவச்ச ரெண்டு லாரியையும் வேண்டாம்னு சொல்லிரும் வே. அண்ணாச்சிட்ட அரைச் சொம்பு இருக்கு."