முனையம் ஏன் முதலில் தன் வகையைச் சொல்கிறது

கருவிகளுக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஓர் அணைக்கட்டின் அடியில் ஆனைமுத்து என்ற பெரிய கணினி இருந்தது. யுனிக்ஸ் என்ற இயங்குதளக் குலத்தில் பிறந்தது. மதகைத் திறப்பதும் மூடுவதும் அதன் வேலை. முப்பது மைல் தள்ளியிருந்த பாசன அலுவலகத்திலிருந்து கம்பி வழியாக அதற்கு உத்தரவு போகும். உத்தரவைத் தட்ட விசைப்பலகையும் பதிலைக் காட்டத் திரையும் சேர்ந்ததுதான் முனையம். அன்று கம்பியில் வந்த முனையங்கள் அனைத்தும் பச்சைத்திரைக் குடும்பம். அதனால் ஆனைமுத்து யாரிடமும் வகை கேட்டதே இல்லை.

சிட்டு அந்தக் குடும்பம் அல்ல. பட்டறையில் மிச்சம்மீதியைப் பூட்டிச் செய்த முனையம். அதன் வம்சத்திலேயே முதன்முதலாகக் கம்பி ஏறியது அதுதான். முதல் நாள் மெல்லக் கம்பியில் ஏறி நின்றது.

"வாங்க, பச்சைத்திரை!" என்றது ஆனைமுத்து.

இல்லை என்றால் துரத்திவிடுமோ? "ஆமாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டது சிட்டு.

சில நாள் கழித்து, ஒரு சந்தை நாளில், அணைக்கு மேலே பேய்மழை. அரை மணிக்குள் மதகை இரண்டடி திறக்காவிட்டால் கரை தாங்காது. அதற்கு மேல் திறந்தால், சந்தைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஆற்றில் போகும் பரிசல்கள் கவிழ்ந்துவிடும். அலுவலகத்து மரகதவல்லி பதற்றத்தோடு சிட்டுவின் விசைப்பலகையில் எண்ணைத் தட்டினாள். 2 விழுந்தது. கூடவே 5-உம் விழுந்தது.

அதுவரை தேவைப்படாத அழிக்கும் விசையைத் தட்டினாள். திரையில் 25^H என்று, தொப்பி போன்ற குறியோடு ஓர் H வந்தது. இன்னும் இரண்டு தட்டு. 25^H^H^H.

"என்ன கூத்து இது! அழின்னா எழுதுது!"

"எண்டரைத் தட்டுங்கம்மா, என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்றார் பக்கத்திலிருந்த எழுத்தர் செபஸ்தியான்.

"ஆத்துல உங்க வீட்டு ஆள் போனா இப்படிச் சொல்லுவீங்களா? இணைப்பை அறுத்துட்டுப் புதுசா தட்டலாம்னா, மறுபடி கிடைக்க ஒரு மணி நேரம் ஆகும். சும்மா இருங்க!"

சிட்டு கம்பிக்குள் கிசுகிசுத்தது: "அண்ணாச்சி, அந்த அஞ்சை அழிங்களேன்!"

"அழிக்கச் சொல்லி எனக்கு ஒண்ணும் வரலியே. தொப்பி வச்ச எச்சுதான் மூணு வந்துச்சு, எழுதிவச்சிருக்கேன். எண்டர் வரட்டும், புரியாததைத் தள்ளிட்டு இருபத்தஞ்சடி திறந்துடுறேன்."

"ஐயோ, வேண்டாம்!"

"பச்சைத்திரை அழிக்கிறதுக்கு வேற குறிதானே அனுப்பும்? உங்க வீட்டு வழக்கம் உனக்கே மறந்துபோச்சா?"

மரகதவல்லியின் விரல் எண்டரின் மேல் நின்றது. சொன்னால் கம்பியை விட்டு இறங்க வேண்டியதுதான் என்று சிட்டுவுக்குத் தோன்றியது. சொல்லாவிட்டால் ஆற்றில் பரிசல்கள் கவிழும். கண்ணை மூடிக்கொண்டு கத்தியது:

"நான் பச்சைத்திரை இல்ல அண்ணாச்சி! பட்டறையில பூட்டுனது, பேரு சிட்டு. எங்க வகையில அழிக்கிறதுக்கு அந்தத் தொப்பி எச்சுதான்!"



"அட லூசு! இதை வாசல்லயே சொல்லியிருந்தா ஒரு வரி எழுதிவச்சிருப்பேனே. இதுக்கா இத்தனை நாள் பயந்தே?"

ஆனைமுத்து குறித்துக்கொண்டது. முதல் தொப்பி எச்சுக்கு 5 போனது. இரண்டாவதற்கு 2-உம் போனது. மூன்றாவதற்கு அழிக்க எதுவும் மிச்சமில்லை. திரையில் அந்த வரி துடைத்துவிட்டதுபோல் கிடந்தது!

மரகதவல்லி ஒரே ஒரு 2 தட்டி, எண்டரை அழுத்தினாள். மதகு இரண்டடி உயர்ந்தது. கரை நின்றது. பரிசல்கள் கொஞ்சம் ஆடின, அவ்வளவுதான். செபஸ்தியான் மேசையைத் தட்டி விசிலடித்தார். ஆனைமுத்து சிட்டுவை இறங்கச் சொல்லவே இல்லை.

அன்று தொடங்கித்தான், எவ்வளவு தொலைவில் உள்ள கணினியோடு சேர்ந்தாலும், முனையம் வேறு பேச்சுக்கு முன் தன் வகையைச் சொல்லிவிடுகிறது. அதைத் தப்பாகச் சொன்ன இடங்களில்தான் இன்றும் அழிக்கும் விசை அழிக்காமல் எழுதுகிறது.